எந்த வருஷம் என்று மட்டும்

2025 அக்டோபர் 26ஆம் தேதி, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் கோலாலம்பூர் மாநாட்டு மேடையில் பதினோராவதாக ஒரு கொடி சேர்ந்தது. சிவப்புத் துணி, ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாக முக்கோணங்கள், கறுப்புக்குள் வெள்ளை நட்சத்திரம். கிழக்குத் திமோரின் பிரதமர் ஷனானா குஸ்மாவோ கண் கலங்கி நின்றார். எண்பதை நெருங்கும் மனிதர். காட்டில் கெரில்லாப் படையை நடத்தியவர், 1992இல் பிடிபட்டு ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறையில் கிடந்தவர். ஆசியானில் சேர 2011 மார்ச்சில் போட்ட விண்ணப்பத்துக்குப் பதினான்கு வருடம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தொண்டை அடைத்தது. மகிழ்ச்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று முழுக்க வந்த வாழ்த்துரைகளையும் செய்திகளையும் பார்க்கப் பார்க்க மனம் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

நான் கேட்ட உரைகளில் எல்லாம் வரவேற்பு இருந்தது, குடும்பம் முழுமையடைந்தது என்ற பெருமிதம் இருந்தது. இந்தோனேசியாவுடன் கிழக்குத் திமோர் கண்ட நல்லிணக்கம் உலகத்துக்கே பாடம் என்ற பாராட்டும் இருந்தது. அந்த நாட்டை இருபத்துநான்கு வருடம் இந்தோனேசிய ராணுவம் பிடித்து வைத்திருந்தபோது இதே குடும்பம் என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கோலாலம்பூர்க்காரனான எனக்கு அது தெரியும். 1996 நவம்பர் 9ஆம் தேதி இதே ஊரில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், கிழக்குத் திமோர் பற்றிய ஆசிய பசிபிக் மாநாடு கூடியது. கூடிய சிறிது நேரத்துக்குள் ஆளுங்கட்சி இளைஞர் அணியினர் கூட்டமாகக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, கூச்சலிட்டு, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு மாநாட்டைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த போலீஸ் கைது செய்தது மாநாட்டுக்கு வந்தவர்களை. செய்தி சேகரிக்க வந்த நிருபர்களும் லாரியில் ஏற்றப்பட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு மணிலாவில் நடந்த முதல் மாநாட்டிலும் இதே கதைதான். இந்தோனேசியா முகம் சுளித்ததும், வெளிநாட்டுப் பேராளர்கள் உள்ளே வரக் கூடாது என்று பிலிப்பீன்ஸ் அரசு தடை போட்டது. அப்போது நான் கல்லூரி மாணவன். இன்னொரு நாட்டு மக்களைப் பற்றி நம் ஊரில் உட்கார்ந்து பேசினால்கூட ஆள் பிடிப்பார்களா என்று விடுதியில் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்கும் முன்னால் போனால், 1975 டிசம்பர் 7ஆம் தேதி இந்தோனேசியப் படை கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் இறங்கிய ஐந்தாம் நாள் ஐ.நா. பொதுச்சபையில் கண்டனத் தீர்மானம் வந்தது. 72 நாடுகள் ஆதரித்தன, 43 நாடுகள் ஒதுங்கி நின்றன, எதிர்த்தவை பத்தே பத்து. அந்தப் பத்தில் இந்தோனேசியாவோடு மலேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் மூன்றும் இருந்தன. இந்தியாவும் இருந்தது. அன்றைய ஐந்து ஆசியான் நாடுகளில் சிங்கப்பூர் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. அதற்கே ஜகார்த்தாவுக்குக் கோபம் வந்தது, பின்னாளில் சிங்கப்பூரும் வழிக்கு வந்துவிட்டது.

இதையெல்லாம் பழைய குப்பையைக் கிளற எழுதவில்லை. நல்லிணக்கம் என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறோமே, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்றுதான்.

டிலியில் ஒரு ஓட்டுநர்

சில ஆண்டுகளுக்கு முன் வேலை விஷயமாக டிலிக்குப் போயிருந்தேன். பாலியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். இறங்கும் விமான நிலையத்தின் பெயர் நிக்கோலாவ் லொபாத்தோ. 1975இல் அறிவிக்கப்பட்ட சுதந்திர நாட்டின் முதல் பிரதமர் அவர். பிறகு எதிர்ப்பியக்கத்தின் தலைவராக இருந்து, 1978 டிசம்பர் 31ஆம் தேதி மலைகளுக்குள் நடந்த சண்டையில் இந்தோனேசியப் படையால் கொல்லப்பட்டவர். அந்தப் பெயர்ப்பலகையின் கீழேதான் ஜகார்த்தாவிலிருந்து வரும் வியாபாரிகளும் அதிகாரிகளும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார்கள். ஊருக்குள் போனால் கடை அடுக்குகளில் முக்கால்வாசி இந்தோனேசியச் சரக்கு. இன்டோமீ, சோப்பு, சிமெண்ட், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அங்கிருந்து வருகிறது. காசு மட்டும் அமெரிக்க டாலர். சாப்பாட்டுக் கடையில் ஓடும் தொலைக்காட்சியில் ஜகார்த்தா சீரியல். கிழக்கே கடல்முனைக் குன்றின்மேல் கைவிரித்து நிற்கும் கிறிஸ்து சிலை, 1996இல் அன்றைய இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ கொடுத்த பரிசு. 27 மீட்டர் உயரம், ஏனென்றால் கிழக்குத் திமோர் அவர்களுக்கு 27ஆவது மாகாணம். விடுதலைக்குப் பிறகு அதை யாரும் இடித்துத் தள்ளவில்லை. மாலையானால் குடும்பம் குடும்பமாகப் படியேறிப் போய் அதன் காலடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு வண்டி ஓட்டியவர் ஐம்பதைத் தொட்டவர். மூத்தவர்களை அங்கே அழைப்பதுபோல நானும் அவரை 'மவுன்' என்றே கூப்பிட்டேன், அண்ணன் மாதிரி. இந்தோனேசியப் பள்ளியில் படித்தவர் என்பதால் என் மலாயும் அவர் இந்தோனேசிய மொழியும் சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டன. மத்தேபியான் மலையடிவாரத்தில் பிறந்தவர். கொமார்க்கா என்ற பழைய சிறைக்கு என்னை அழைத்துப் போனவரும் அவர்தான். போர்த்துக்கீசியர் கட்டியது, இந்தோனேசிய ராணுவம் பயன்படுத்தியது. பின்னால், அந்தக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த திமோர் உண்மை ஆணையத்தின் அலுவலகமாகி, இப்போது நினைவு நிலையமாக இருக்கிறது. வெளிச்சம் புகாத சில அறைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து கதவருகே நின்றால்கூடச் சில நொடிகளுக்குக் கண் தெரிவதில்லை. கைதிகள் சுவரில் கீறிவைத்தவை அங்கங்கே மிச்சமிருந்தன. மவுன் உள்ளே வரவில்லை. வெளியே முற்றத்தில் நின்று சிகரெட் பிடித்தார்.

திரும்பும் வழியில் அவராகவே தன் மகனைப் பற்றிச் சொன்னார். பையன் கிழக்கு ஜாவாவில், மலாங்கில், பொறியியல் படிக்கிறான். இந்தோனேசியாவில் படிக்கும் திமோர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. செலவு குறைவு, மொழிப் பிரச்சினை இல்லை. நோன்புப் பெருநாளுக்குக் கூடப்படிக்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருக்கிறான். கெத்துப்பாட்டும் கோழிக்கறியும் வைத்து உபசரித்திருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் நண்பனின் அப்பா இளவயதில் ராணுவ உடையில் நிற்கும் படம் மாட்டியிருந்தது. பின்னால் ஒரு மலை. அந்த மலையைப் பையனுக்குத் தெரியும், தாத்தா வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற அதே மலை. பெரியவர் அவன் படத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "எந்த ஊர்ப்பா நீ?" என்று கேட்டிருக்கிறார். பௌகாவ் பக்கம் என்று சொல்லியிருக்கிறான். அவர் வேறு எதுவும் பேசவில்லையாம். புறப்படும்போது ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பினாராம்.

மவுனுக்கு ஒரு அண்ணன் இருந்தார். 1983இல், விக்கேக்கே பக்கம் க்ராரஸ் கிராமத்தில் படுகொலை நடந்த அந்த மாதங்களில், விசாரிக்க வேண்டும் என்று ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. ஆள் இல்லை, உடலும் இல்லை. அம்மா சாகும்வரை அவருக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாராம்.

"அந்த நண்பனோட அப்பா நம்பரை என் மகன்கிட்ட வாங்கி வச்சிருக்கேன்," என்றார் மவுன். "திட்டுறதுக்கு இல்ல. எந்த வருஷம் இங்க இருந்தீங்கன்னு மட்டும் கேக்கணும். எண்பத்து மூணா இல்லையான்னு."

கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையசைத்தார். பையன் படிப்பு முடியட்டும் என்றார்.

சுவாயிலிருந்து எல்லை வரை

இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்த நல்லிணக்கத்தில் நம்பிக்கையில்லாதவன் அல்ல நான். அது நடந்த விதத்தைப் படிக்கப் படிக்க, உலகில் வேறெங்கும் இத்தனை துணிச்சலாக நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1999 ஆகஸ்ட் 30ஆம் தேதி வாக்கெடுப்பில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் வந்து வாக்களித்தார்கள், அதில் 78.5 விழுக்காட்டினர் இந்தோனேசியாவுடன் இருக்க மாட்டோம் என்றார்கள். அந்த வாரங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வரை தமிழ் ஏடுகள் இந்தச் செய்தியை எப்படிப் போட்டன என்று வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் நடந்ததும் நினைவிருக்கும். முடிவு வெளியானதும் ராணுவமும் அது வளர்த்துவிட்ட ஆயுதக் குழுக்களும் நாட்டைக் கொளுத்தின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள், இரண்டரை லட்சம் பேர் தீவின் இந்தோனேசியப் பாதியான மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள், கட்டடங்களில் பெரும்பகுதி சாம்பலானது.

அது நடந்து ஆறே மாதத்தில், 2000 பிப்ரவரி 29ஆம் தேதி, இந்தோனேசிய அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் டிலிக்கு வந்தார். 1991இல் அவருடைய நாட்டு ராணுவம் ஊர்வலத்தின்மேல் சுட்டுத் தள்ளிய சாந்தா குரூஸ் கல்லறையில் மலர் வைத்து, நடந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். பார்வை இழந்த மனிதர், பதவியில் நிலையாகக் கால் ஊன்றாதவர். அவர் செய்ததை அவருக்குப் பின் வந்தவர்கள் யாரும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. 2002 மே 20ஆம் தேதி விடுதலை விழாவுக்கு அடுத்த அதிபர் மேகாவதி வந்தார். அவர் பாதுகாப்புக்கு என்று இந்தோனேசியப் போர்க்கப்பல்கள் முன்கூட்டியே டிலி கடலில் வந்து நின்று ஊரையே பதறவைத்தன. ஆனாலும் தாசித்தோலு திடலில் ஷனானா அவரை அணைத்து வரவேற்றபோது கூட்டம் கைதட்டியது. பிணப்புகை வாடை போய் மூன்று வருடம்கூட ஆகாத கூட்டம் அது.

ஊர்ப்புறங்களில் வேறொரு நல்லிணக்கம் நடந்தது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உண்மை ஆணையம் பாய் விரித்துப் பஞ்சாயத்து கூட்டும் பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தது. வீடு கொளுத்தியவன், ஆட்டைத் திருடியவன், அடித்தவன் ஊர் நடுவே பாயில் உட்கார்ந்து செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். கூரை வேய்ந்து கொடு, தேவாலயத்தைச் சுத்தம் செய், பன்றி கொடு என்று ஏதாவது. இப்படி 1,371 பேர் ஊருக்குள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். கொலைக்கும் பாலியல் வன்கொடுமைக்கும் இந்தப் பாயில் இடமில்லை. அவை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவை என்று ஆணையம் கோடு கிழித்திருந்தது. நியாயமான கோடு. சின்னக் குற்றம் செய்த அண்டை வீட்டுக்காரன் பாயில் உட்கார்ந்தான், அது நடந்தது. பெரிய குற்றம் செய்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஐ.நா. உதவியோடு 391 பேர்மேல் குற்றப்பத்திரிகை போடப்பட்டது, பெரும்பாலானவர்கள் இந்தோனேசியாவில் இருந்தார்கள். 2003 பிப்ரவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் 1999இல் ராணுவத் தளபதியாக இருந்த விராந்தோவின் பெயர் இருந்தது. 2004 மே மாதம் டிலி நீதிமன்றம் பிடியாணை போட்டது. அதே மாதக் கடைசியில், அப்போது அதிபராக இருந்த ஷனானா பாலிக்குப் போய் விராந்தோவைச் சந்தித்து அணைத்துக்கொண்டார். ஜகார்த்தா தானே அமைத்த நீதிமன்றத்தில் 18 பேர் விசாரிக்கப்பட்டு, ஆறு பேர் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடுகளில் கடைசியில் ஒருவர்கூட மிஞ்சாமல் விடுதலையானார்கள்.

இதற்கெல்லாம் நடுவே என்னால் தாண்டிப் போக முடியாத இடம் 2009 ஆகஸ்ட்.

சுவாய் தெற்குக் கடலோரத்தில் உள்ள ஊர், மேற்குத் திமோர் எல்லைக்குப் பக்கம். 1999 செப்டம்பர் 6ஆம் தேதி அங்குள்ள தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் லக்சவுர் என்ற ஆயுதக்குழுவும் ராணுவத்தினரும் போலீசாரும் பாய்ந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒரே கணக்கு இல்லை, நாற்பதிலிருந்து இருநூறு வரை சொல்கிறார்கள். முன்னால் வந்து நின்ற மூன்று குருமார்களும் கொல்லப்பட்டார்கள். இலாரியோ மதெய்ரா, பிரான்சிஸ்கோ சோரெஸ் இருவரும் திமோர்க்காரர்கள். மூன்றாமவர் தார்சிசியுஸ் தெவாந்தோ, ஜாவாவில் பிறந்த இளம் இயேசு சபைக் குரு. இந்தோனேசியர். தப்பிக்க நினைத்திருந்தால் அவருக்கு வழி இருந்திருக்கும். உடல்களை வண்டியில் ஏற்றி எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் மேற்குத் திமோர்க் கடற்கரை மணலில் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அங்கே 26 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன, மூன்று குருமார்களும் அதில் இருந்தார்கள்.

அந்த லக்சவுர் குழுவின் தலைவர்களில் ஒருவர் மார்த்தெனுஸ் பெரே. குற்றப்பத்திரிகையில் பெயர் இருந்தவர். பத்து வருடம் மேற்குத் திமோரில் இருந்துவிட்டு, 2009 ஆகஸ்டில் குடும்ப விசேஷத்துக்காக எல்லை தாண்டி சுவாய்க்கே வந்தார். ஊர் ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அடித்தார்கள், ஆனால் கொல்லவில்லை. போலீசிடம் ஒப்படைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தன் ஆட்களைக் கொன்றவன் என்று நம்புகிற ஒருவன் கையில் கிடைத்திருக்கிறான். பத்து வருடக் கோபம் உள்ளே இருக்கிறது. அப்படியும் சட்டத்திடம் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இளம் நாடு ஒன்று தன் குடிமக்களிடம் இதைவிடப் பெரிதாக என்ன எதிர்பார்க்க முடியும்?

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 30ஆம் தேதி, வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டு விழா. டிலியில் கொண்டாட்டம். இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் விழாவுக்கு வர வேண்டுமானால் பெரே வெளியே வர வேண்டும் என்று அழுத்தம் வந்தது. அன்றைக்கே சிறையிலிருந்து எடுத்து இந்தோனேசியத் தூதரகத்தில் ஒப்படைத்தார்கள். நீதிபதி உத்தரவு எதுவும் இல்லை. நாட்டின் தலைமை நீதிபதி எதிர்ப்புத் தெரிவித்தார். ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அதிபர் ராமோஸ் ஹோர்த்தாவுக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். பிற்பாடு முள்ளிவாய்க்கால் விஷயத்தில் அவர் என்ன நிலை எடுத்தார் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் அரசுமேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அப்போது பிரதமராக இருந்த ஷனானா எழுந்து, முடிவு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது என்றார். தீர்மானம் தோற்றது. பெரே சில வாரங்களில் எல்லையைத் தாண்டித் திரும்பிப் போனார்.

யாருடையதை யார் கொடுத்தது

ஷனானா செய்தது சரியா தவறா என்று என்னிடம் கேட்டால், 1999க்குப் பின் இந்தோனேசியாவோடு சமாதானமாகப் போக வேண்டும் என்ற அவருடைய முடிவு சரி என்றுதான் சொல்வேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே தீவில் பாதி, பதின்மூன்று லட்சம் சொச்சம் மக்கள். சுற்றிலும் இருபத்தெட்டு கோடிப் பேருக்கு மேல் வாழும் நாடு. ஒயெகுஸி என்ற மாவட்டம் தனியாகத் துண்டாகி மேற்குத் திமோருக்குள் கிடக்கிறது, தரைவழியாக அங்கே போக வேண்டுமானால் இந்தோனேசியக் குடிநுழைவு முத்திரை வேண்டும். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே குலம், ஒரே பேச்சு, கல்யாணம் கருமாதி எல்லாம் சேர்ந்தே. தெற்கே ஆஸ்திரேலியா இருக்கிறதே என்றால், எண்ணெய் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 2004இல் டிலி அமைச்சரவை அறையிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது அந்த நட்பு நாடுதான். கடல் எல்லை ஒப்பந்தம் 2018 மார்ச் வரை இழுத்தது. பாயு உன்டான் என்ற கடலடி எண்ணெய் எரிவாயு வயல் வற்றிப்போய்விட்டது, எண்ணெய் நிதியில் இருக்கும் பதினெட்டு பில்லியன் டாலர் அளவிலான சேமிப்பைக் கரைத்துத்தான் நாடு ஓடுகிறது. இந்த நிலைமையில் இருக்கும் நாடு ஜகார்த்தாவோடு முறைத்துக்கொண்டு ஆசியான் கதவைத் தட்டியிருக்க முடியாது. 2011இல் விண்ணப்பம் போட்டபோது தலைமை இந்தோனேசியாவிடம் இருந்தது, ஆரம்பத்திலிருந்து உரக்க ஆதரித்ததும் அதே இந்தோனேசியாதான். பொருளாதாரம் தாங்காது, ஆள் பலம் போதாது என்று தயங்கியவர்களில் சிங்கப்பூர் முன்னால் நின்றது. ஒரு காலத்தில் 'செருப்புக்குள் சிக்கிய கல்' என்று இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் அலி அலட்டாஸ் சொன்ன நாட்டை, பின்னாளில் அதே வெளியுறவுத் துறை கைபிடித்து உள்ளே கூட்டி வந்தது. இதைச் சாதித்தது ஷனானாவும் ராமோஸ் ஹோர்த்தாவும். குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் சுவாய் மக்கள் போலீசிடம் ஒப்படைத்தது அரசு வைத்து விளையாடுகிற சீட்டு அல்ல. கணவனை இழந்தவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அது அவளுக்குரியது. அவளுக்குப் பதிலாக ஒரு பிரதமர் மன்னிக்க முடியாது, அவர் காட்டில் எத்தனை வருடம் கிடந்திருந்தாலும் சரி. அரசு சமாதானம் செய்யலாம், கைகுலுக்கலாம், பழைய கணக்கை முன்வைக்காமல் இருக்கலாம். ஆனால் பிடிபட்டவனைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டு அதற்கும் நல்லிணக்கம் என்று பேர் வைத்தால், அந்தச் சொல் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கசக்கத்தான் செய்யும்.

இரண்டு நாடுகளும் சேர்ந்து அமைத்த உண்மைக்கும் நட்புறவுக்குமான ஆணையத்தின் அறிக்கை 2008 ஜூலையில் பாலியில் கையளிக்கப்பட்டது. குற்றம் செய்தவர்களுக்குப் பொதுமன்னிப்புப் பரிந்துரைக்கும் அதிகாரம் அதற்கு இருந்ததால் ஐ.நா. அதன் முன் சாட்சி சொல்லவே மறுத்துவிட்டது. கண்துடைப்பு என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த ஆணையம் அது. ஆனால் வந்த அறிக்கை எதிர்பார்த்தபடி இல்லை. 1999இல் மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்தன, அதற்கு இந்தோனேசிய ராணுவமும் போலீசும் அரசு நிர்வாகமும் நிறுவனங்களாகப் பொறுப்பு என்று இந்தோனேசியர்களும் சேர்ந்து உட்கார்ந்த ஆணையமே எழுதியது. அன்றைய இந்தோனேசிய அதிபர் யுதோயோனோ ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்று சொல்லவில்லை. அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று காணாமல் போனவர்களைப் பற்றியது. யார் எங்கே போனார்கள் என்று தகவல் திரட்டவும், பெற்றோரிடமிருந்து பிரித்து இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோன குழந்தைகளைத் தேடவும் ஒரு அமைப்பு வேண்டும் என்றது. அப்படிக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில். இப்போது நாற்பது ஐம்பது வயதில் ஜாவாவிலும் சுலாவெசியிலும் வேறு பெயரோடு வாழ்கிறார்கள். தன்னார்வ அமைப்புகள் அவர்களில் சிலரைத் தேடிப்பிடித்துக் குடும்பத்தோடு சேர்த்து வைத்திருக்கின்றன. விமான நிலையத்தில் தலை நரைத்த அக்காள் தம்பி முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்க்கும் படங்கள் வருகின்றன. இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டு ஏற்ற ஒரு பரிந்துரையைத் தன்னார்வலர்கள் ஒவ்வொருவராகத் தேடி நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது இதைத்தான். வழக்குப் போட முடியாது, தண்டிக்க முடியாது, அது முடிந்துபோன கதை என்று ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். தகவல் கொடுப்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? எந்தப் படைப்பிரிவு எந்த வருடம் எந்த மலையில் இருந்தது, பிடிபட்டவர்கள் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள், எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் ராணுவக் கோப்புகளில் இருக்கும். 1974 முதல் 1999 வரை போர் தொடர்பாகக் குறைந்தது 1,02,800 பேர் இறந்தார்கள் என்று திமோர் உண்மை ஆணையம் கணக்கிட்டது. அதில் 18,600 பேர் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும், மீதிப்பேர் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள். அந்த 18,600இல் ஒருவர் மவுனின் அண்ணன்.

ஆசியான் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஒருவர் உள்விவகாரத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை விதி, அந்த விதியைச் சொல்லித்தான் இருபத்துநான்கு வருடம் வாய்மூடி இருந்தது. இப்போது கிழக்குத் திமோரும் அதே விதியில் கையெழுத்திட்டிருக்கிறது. அந்த நாடு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு அடையாளம் ஏற்கெனவே உண்டு. மியன்மார் ராணுவ ஆட்சியை எதிர்க்கும் நிழல் அரசோடு டிலி வெளிப்படையாகப் பேசியது. 2023 ஆகஸ்டில் மியன்மார் அதன் தூதரக அதிகாரியை வெளியேற்றியது. இன்னும் உறுப்பினராகவே சேராத நாடு, சேருவதற்குத் தடையாகலாம் என்று தெரிந்தே செய்தது. முன்பு தனக்காக யாரும் பேசாததை நினைவு வைத்திருக்கிற நாடு அது. உள்ளே வந்த பிறகும் அந்தக் குரல் அடங்காமல் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்தால் நம்பிக்கையாகவும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் புதுக் கார் வாங்குவதையும் ஆயுள்கால ஓய்வூதியத்தையும் எதிர்த்து டிலி மாணவர்கள் தெருவுக்கு வந்து அரசைப் பணியவைத்தார்கள். ஷனானாவின் அரசாகவே இருந்தாலும் பயமில்லாமல் கேட்கிறார்கள்.

எங்கள் நாட்டுக்கும் செய்ய ஒன்று இருக்கிறது. 1975இல் ஐ.நா.வில் எதிர்த்து வாக்களித்ததையும் 1996இல் அந்த மாநாட்டைக் கலைத்து, அதற்கு வந்தவர்களையே கைது செய்ததையும் பற்றி எங்கள் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா ஒரு பக்க அறிக்கை வெளியிடலாம். பெரிய செலவு எதுவும் ஆகாது. பதினோராவது கொடியை ஏற்ற மேடை போட்டுக் கொடுத்த ஊருக்கு அதைச் சொல்லும் கடமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஜகார்த்தா செய்ய வேண்டியது அதைவிடப் பெரியது. நிக்கோலாவ் லொபாத்தோவின் உடல் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாட்டின் விமான நிலையத்துக்கே பெயர் கொடுத்தவருக்குக் கல்லறை இல்லை. அவர் எச்சங்களைத் திருப்பித் தாருங்கள் என்று திமோர்த் தலைவர்கள் பல முறை கேட்டிருக்கிறார்கள். ஆக, காணாமல் போனவரைத் தேடுவதில் ஓட்டுநர் குடும்பமும் அரசும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. இப்போது இந்தோனேசிய அதிபராக இருக்கும் பிரபோவோ சுபியாந்தோ, இளம் ராணுவ அதிகாரியாகக் கிழக்குத் திமோரில் பணியாற்றியவர். அவருக்கு இது தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோப்புகளைத் திற என்று ராணுவத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அங்கே இருந்த அவருடைய தலைமுறைச் சிப்பாய்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், மலாங்கில் சுவரில் படம் மாட்டியிருக்கும் அந்தப் பெரியவரைப் போல. இன்னும் பத்து வருடம் போனால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.